வாஷ்பேசின் பக்கத்துப் பிளக் பாயின்ட்: எடுப்பதா, நகர்த்துவதா, காவல் போடுவதா?

பலர் சேர்ந்து புழங்கும் பராமரிப்பு இல்லக் கழிப்பறையில், வாஷ்பேசினுக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அந்த முடிவு எப்படி வருகிறது? யாருக்காவது சுருக்கென்று ஷாக் அடித்திருக்கும். மறுநாளே அதன் மேல் 'பயன்படுத்த வேண்டாம்' என்று ஒரு தாள் ஒட்டப்படும். இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டைக் கழற்றி, மூடி போட்டுவிட்டுப் போவார். வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

ஆனால் தலை குளித்த பாட்டிக்கு முடி உலர்ந்தாக வேண்டும். தாத்தாவுக்குச் சவரம் செய்தாக வேண்டும். சாக்கெட் இல்லாத கழிப்பறைக்குள் வராந்தாவிலிருந்து எக்ஸ்டென்ஷன் கார்டு வரும். அது கதவிடுக்கில் நசுங்கும், ஈரத்தரையில் கிடக்கும், சக்கர நாற்காலி அதன் மேல் ஏறி இறங்கும். சுவரில் இடுப்புக்கு மேல் இருந்த ஆபத்து இப்போது காலடிக்கு வந்துவிட்டது. அதனால்தான் எந்தச் சாக்கெட் நல்லது என்று தேடுவதற்கு முன்னால், அந்த வாஷ்பேசின் முன்னால் யார், எதை, எத்தனை நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன். கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

ஈரக்கையும் கரண்ட்டும்

காய்ந்த தோல் கரண்ட்டை ஓரளவு தடுக்கும். நனைந்துவிட்டால் அந்தத் தடை சரிந்துவிடும். மிஞ்சுவது உடம்பின் உள்தடை மட்டும்தான். தோராயக் கணக்குக்கு அதை 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 230 வோல்ட் என்றால் உடம்பு வழியாகப் பாயக்கூடியது 230 மில்லிஆம்பியர். 120 வோல்ட் நாடுகளில் 120. பத்து மில்லிஆம்பியர் அளவிலேயே கைத்தசை இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். முப்பதைத் தாண்டி நீடித்தால் மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் ஆபத்து.

இங்கே பலரும் நம்பியிருப்பது மெயின் போர்டில் இருக்கும் எம்சிபியை, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்சை. 16 ஆம்பியர் எம்சிபி என்றால் அதன் கணக்கு 16,000 மில்லிஆம்பியரில் தொடங்குகிறது. ஒரு மனிதர் வழியாகப் போகும் 230 மில்லிஆம்பியர் அதன் கண்ணிலேயே படாது. ஃபியூஸும் எம்சிபியும் வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காக்க வந்தவை. ஆளைக் காப்பது அவற்றின் வேலை இல்லை. 'எங்கள் போர்டில் எல்லாம் புது எம்சிபிதான்' என்று ஒரு நிர்வாகி சொன்னால், வாஷ்பேசின் விஷயத்தில் அதற்கு மதிப்பு ஏதும் இல்லை.

வீட்டுக் குளியலறைக்கும் பராமரிப்பு இல்லத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வயதானவர் நிற்பதற்குப் பிடிமானம் தேடுவார். ஒரு கை ஷேவரில், ஒரு கை குழாயிலோ ஸ்டீல் கைப்பிடியிலோ இருக்கும். குழாயும் கைப்பிடியும் உலோகமாக இருந்து எர்த்தோடு தொடர்பில் இருந்தால், ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சைக் கடந்து கரண்ட் போகும் பாதை தயாராக இருக்கிறது. ஷாக் அடித்தால் இளவயதுக்காரர் துள்ளி விலகுவார். இவர் விழுவார். மறதி நோய் உள்ளவருக்கு ஷேவரைக் கழுவ வேண்டும் என்று தோன்றினால் பிளக்கில் இருக்கும்போதே குழாயடியில் காட்டிவிடக்கூடும். கதவு சாத்தியிருக்கும். என்ன ஆயிற்று என்று பிறகு சொல்லவும் அவரால் முடியாமல் இருக்கலாம்.

பலர் புழங்கும் இடம் என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுக்கும்: பத்து வருஷப் பழைய ஹேர் டிரையர், வயர் கழுத்தில் டேப் சுற்றிய ஷேவர், எங்கோ வெளிநாட்டில் வாங்கிய இரட்டை முள் பிளக். எதைச் செருகுவார்கள் என்று சாக்கெட்டைப் போட்டவருக்குத் தெரியாது. அங்கே எல்லோருக்கும் பொதுவான பொருளை யாரும் தன் பொருளாக நினைத்துச் சோதிப்பதும் இல்லை.

தள்ளி வைப்பது

முதல் வழி தூரம். இதில் உலகத்தின் இரண்டு பெரிய விதித்தொகுப்புகள் நேரெதிராக யோசித்திருக்கின்றன. இரண்டையும் தெரிந்துகொண்டால் நம் முடிவு தெளிவாகும்.

பிரிட்டன் விதிகளில், குளியல் தொட்டியோ ஷவரோ உள்ள அறையில் சாதாரண சாக்கெட் வைக்க வேண்டுமென்றால் அவற்றைச் சுற்றியுள்ள ஈரப்பகுதியின் விளிம்பிலிருந்து 2.5 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். 2022 திருத்தத்துக்கு முன் அது 3 மீட்டர். சிறிய குளியலறையில் இந்தத் தூரம் கிடைக்கவே கிடைக்காது. ஆக, சாக்கெட்டே இல்லாமல் போய்விடும். அமெரிக்க விதியோ, வீட்டுக் குளியலறைகளில் வாஷ்பேசினின் விளிம்பிலிருந்து 3 அடிக்குள் ஒரு சாக்கெட் இருந்தே தீர வேண்டும் என்கிறது. அதற்கு உணர்திறன் மிக்க கசிவுக் காப்பு, அதாவது கரண்ட் வழிதவறிக் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி, கட்டாயம். வீடல்லாத கட்டடங்களிலும் குளியலறைச் சாக்கெட்டுகளுக்கும், சிங்க்கிலிருந்து 6 அடிக்குள் வரும் சாக்கெட்டுகளுக்கும் அந்தக் காப்பு வேண்டும்.

ஒன்று 'பக்கத்தில் வைக்காதே' என்கிறது. மற்றது 'எப்படியும் பக்கத்தில்தான் பயன்படுத்துவார்கள், காப்போடு வை' என்கிறது. பராமரிப்பு இல்லத்தைப் பொறுத்தவரை, ஆட்கள் உண்மையில் நடந்துகொள்ளும் விதத்தை ஒப்புக்கொண்டது இரண்டாவது சிந்தனை. ஆனால் தூரத்தை விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. காப்புக் கருவி பழுதாகலாம், தூரம் பழுதாகாது.

எவ்வளவு தூரம் என்பதற்கு டேப் பிடித்து அளக்கும்போது ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். ஹேர் டிரையர் வயர் இரண்டு மீட்டர் அளவுக்கு நீளும். சாக்கெட்டை அறுபது சென்டிமீட்டர் தள்ளி வைத்துவிட்டுப் பாதுகாப்பாகிவிட்டது என்று நினைத்தால், சாதனம் இன்னமும் நேராகத் தண்ணீருக்குள் விழும். நான் பார்க்கச் சொல்வது இதைத்தான்: அங்கே செருகப்படும் பொருள்களிலேயே நீளமான வயர் உள்ளதை எடுத்து, சாக்கெட்டில் செருகி, வாஷ்பேசினை நோக்கி இழுத்துப் பாருங்கள். எட்டினால் அந்தத் தூரம் காப்பு ஆகாது. அங்கே வேறு காப்பு வேண்டும்.

அதோடு, பராமரிப்பு இல்லக் கழிப்பறைகளில் தடுப்பில்லாத, தரையோடு தரையான ஷவர் அதிகம். சக்கர நாற்காலி உள்ளே போவதற்காக. தொட்டி இல்லாத ஷவருக்குச் சர்வதேச மின்விதி, தண்ணீர் வரும் முனையிலிருந்து 1.2 மீட்டர் வரை ஈரப்பகுதி என்று வரையறுக்கிறது. ஆனால் கையில் பிடிக்கும் ஷவர் தலையோ குழாய் நீளத்துக்கு எங்கும் போகும். சுத்தம் செய்பவர் சுவர் முழுக்கத் தண்ணீர் அடிப்பார். இப்படிப்பட்ட அறையில் வாஷ்பேசினிலிருந்து மட்டும் தூரத்தை அளந்து பயனில்லை. முழு அறையையும் ஈரமாகவே எடுத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

கசிவுக் காப்பு: ஆர்சிசிபி

இது இல்லாமல் வேறெந்த வழியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பலர் இன்னும் பழைய பழக்கத்தில் ஈஎல்சிபி என்கிறார்கள், அமெரிக்காவில் ஜிஎஃப்சிஐ. தத்துவம் எளிது. ஃபேஸ் வயரில் போகும் கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்ட்டும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் நடுவில் எங்கோ கசிகிறது. அது ஒரு மனிதர் வழியாகவும் இருக்கலாம். உடனே கருவி இரண்டையும் துண்டிக்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், மனிதர்களால் எத்தனை மில்லிஆம்பியர் வரை கையை விடுவித்துக்கொள்ள முடியும் என்று அளந்துபார்த்தவர். அந்த அளவுகளை ஒட்டித்தான் அமெரிக்கக் கருவி 4 முதல் 6 மில்லிஆம்பியருக்குள் விழும்படி, அதாவது ட்ரிப் ஆகிக் கரண்ட்டைத் துண்டிக்கும்படி, அமைந்தது.

மற்றப் பல நாடுகளில் வழக்கம் 30 மில்லிஆம்பியர். 30-ல் 300 மில்லிசெகண்டுக்குள்ளும், அதன் ஐந்து மடங்கில் 40 மில்லிசெகண்டுக்குள்ளும் அது துண்டிக்க வேண்டும். உயிர் காக்க அது போதும் என்றுதான் அந்த அளவு நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் 5-க்கும் 30-க்கும் நடுவில்தான் கை இறுகும் எல்லை வருகிறது. பலவீனமான, ஈரக்கை உள்ள முதியவர் விஷயத்தில் அந்த இடைவெளி சின்னது இல்லை. 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கிடைக்கும் இடமாக இருந்தால், கழிப்பறைச் சாக்கெட்டுக்கு மட்டும் அதைப் போடச் சொல்வேன். அங்கே ஓடுவது ஷேவரும் டிரையரும்தான். அவற்றின் இயல்பான கசிவு மிகக் குறைவு. வீணாக ட்ரிப் ஆகித் தொல்லை தர வாய்ப்பில்லை. மின்னணுப் பாகங்கள் கொண்ட சாதனங்கள் செருகப்படும் என்பதால் ஏசி கசிவை மட்டும் உணரும் ஏசி வகையை விட, துடிக்கும் டிசி கசிவையும் உணரும் ஏ வகைக் கருவி நல்லது.

எங்கே பொருத்துவது என்பதில்தான் தகராறு வரும். சாக்கெட்டிலேயே இருக்கும் வகை என்றால் டெஸ்ட் பட்டன் கண்ணுக்கு நேரே இருக்கும். ட்ரிப் ஆனால் அந்த ஒரு சாக்கெட் மட்டும் போகும். பணியாளர் அங்கேயே தெரிந்துகொள்வார். கெட்ட பக்கம், அதன் மேல் தண்ணீரும் கிருமிநாசினித் தெளிப்பும் தினமும் படும். சாக்கெட்டின் ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொருக்காகச் சோப்பு காய்ந்திருப்பதைக் கூர்ந்து பார்த்தால் எந்தப் பராமரிப்பு இல்லத்திலும் காணலாம். அந்தப் பொருக்கு மறுபடி ஈரமானால் கரண்ட் கசிவதற்கு வழி.

மெயின் போர்டில் பொருத்தினால் சுவருக்குள் போகும் வயருக்கும் சேர்த்துக் காப்பு. தண்ணீர் படாது. ஆனால் போர்டு அறை பூட்டியிருக்கும், சாவி ஒருவரிடம் இருக்கும், பட்டனை அழுத்த யாரும் போக மாட்டார்கள். அதைவிட மோசம், செலவை மிச்சம் பிடிக்க ஒரே ஆர்சிசிபிக்குக் கீழே ஒரு தளம் முழுவதையும் கட்டிவிடுவது. ஒவ்வொரு சாதனத்தின் சின்னக் கசிவும் சேர்ந்து, ஒரு நாள் காரணமே தெரியாமல் எல்லாம் விழும். இரண்டு தடவை அப்படி ஆனதும் யாராவது அந்தக் கருவியைத் தவிர்த்துவிட்டு நேராக வயர் கொடுத்துவிடுவார்கள். ஆகவே கழிப்பறைக்கு ஒன்று என்ற கணக்கில், எம்சிபியும் கசிவுக் காப்பும் சேர்ந்த ஆர்சிபிஓ போடுவது என் தேர்வு. போர்டு பூட்டுக்குள் இருக்கிறதென்றால், கழிப்பறைக் கதவுக்கு வெளியே ஒரு சின்னப் பெட்டியில் வைக்கலாம்.

அப்புறம், கழிப்பறை விளக்கை இந்தக் கருவிக்குக் கீழே விடவே கூடாது. சாக்கெட் ட்ரிப் ஆகும்போது விளக்கும் அணைந்தால், ஈரத்தரையில் இருட்டில் ஒரு முதியவர் நிற்கிறார். ஷாக்கிலிருந்து காப்பாற்றி இடுப்பெலும்பை முறித்த கதையாகிவிடும். அதே மாதிரி பக்கத்து அறையின் ஆக்சிஜன் கருவி, சளி உறிஞ்சும் கருவி, காற்று மெத்தை இவையெல்லாம் தனிச் சர்க்யூட்டில் இருக்க வேண்டும். நள்ளிரவில் கழிப்பறையில் யாரோ ஈர ஷேவரைச் செருகியதற்காக ஒருவருடைய ஆக்சிஜன் நிற்கக் கூடாது.

பழைய கட்டடம் என்றால் இரண்டு விஷயம். இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரலைப் பகிர்ந்திருந்தால் ஆர்சிசிபி நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். வயரிங்கைப் பிரிக்காமல் தீர்வு இல்லை. எர்த் இல்லாத சாக்கெட்டிலும் ஆர்சிசிபி வேலை செய்யும். ஆனால் எர்த் இருந்தால் பழுதான சாதனத்தைச் செருகின உடனேயே அது விழும். எர்த் இல்லாவிட்டால் ஒரு ஆள் தொடும் வரை காத்திருக்கும். அந்த வித்தியாசத்துக்காகவே எர்த் வயர் இழுக்கச் செலவழிக்கலாம்.

இந்தக் கருவியால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் தொட்டால், எர்த்துக்குக் கசிவு இல்லாததால், அவரை ஒரு பல்பு போலத்தான் அது பார்க்கும். இன்னொன்று பலருக்கும் தெரியாதது. பீங்கான் வாஷ்பேசின், பிளாஸ்டிக் கழிவுக்குழாய், நிறையத் தண்ணீர். அதற்குள் டிரையர் விழுகிறது. எர்த்துக்குப் போக வழியில்லாததால் ஆர்சிசிபி சும்மா இருக்கலாம். தண்ணீரில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். யாராவது ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தண்ணீருக்குள் விட்டால்தான் பாதை முழுமையாகும், அப்போதுதான் அது விழும். ட்ரிப் ஆகவில்லை, அதனால் கரண்ட் இல்லை என்று நினைத்து ஒருவரும் கையை விடக் கூடாது. முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும், அதுவும் அறைக்கு வெளியே இருக்கும் சுவிட்சை. அமெரிக்காவில் கையில் பிடிக்கும் டிரையர்களின் பிளக்கிலேயே நீரில் விழுந்தால் துண்டிக்கும் காப்பு 1990-களின் தொடக்கத்திலிருந்தே வருகிறது. பிளக் தலை பெரிதாக, பட்டனோடு இருப்பது அதனால்தான். இல்லத்துக்குப் பொதுவாக ஒரு டிரையர் வாங்குவதென்றால் அப்படிப்பட்டதைத் தேடி வாங்குங்கள்.

ஷேவர் சாக்கெட்

உள்ளே ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் வைத்த சாக்கெட் இது. வெளியே வரும் இரண்டு முனையில் எதுவும் எர்த்தோடு இணைந்திருக்காது. ஒரு முனையைத் தொட்டுக்கொண்டு குழாயைப் பிடித்தாலும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை, ஷாக் இல்லை. பார்க்க ரொம்ப அழகான தீர்வு. திறன் 20 முதல் 50 விஏ (வாட் போன்ற ஓர் அளவு) வரைதான். ஷேவர், பல் துலக்கும் பிரஷ் சார்ஜர் இரண்டுக்கும் அது போதும். ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் டிரையர் ஓடாது.

சவரம் மட்டும் நடக்கும் கழிப்பறைக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை என்பேன். சிரமம், முடி உலர்த்தலும் அங்கேயே நடக்கிறது என்றால் வருகிறது. டிரையர் ஓடாது, எக்ஸ்டென்ஷன் கார்டு கதவிடுக்கில் நுழையும். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் நடக்கும் பழுதை முன்னால் இருக்கும் ஆர்சிசிபி பார்க்காது என்பதும் நினைவிருக்கட்டும். இரண்டு முனையையும் ஒருசேரத் தொட்டால் இதுவும் காப்பாற்றாது. ஒரு நேரத்தில் ஒரே சாதனம் என்பதுதான் இதற்குள் இருக்கும் நிபந்தனை. அதனால்தான் அதில் மல்டிபிளக் செருகி இரண்டு பேரின் ஷேவரைப் போடக் கூடாது.

வெளியே சுவிட்ச்

சாக்கெட் உள்ளே, அதன் சுவிட்ச் கதவுக்கு வெளியே. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் இரட்டைத் துருவ சுவிட்ச், எரிகிறதா என்று காட்டும் சின்ன விளக்கோடு. முதியவரை அழைத்துவரும் பணியாளர் தேவைப்படும்போது போடுவார், முடிந்ததும் அணைப்பார். மற்ற நேரமெல்லாம் சுவரில் இருப்பது செத்த சாக்கெட். மறதி நோய் உள்ளவர்கள் தனியாகப் போய்வரும் கழிப்பறைகளுக்கு இது ஆர்சிசிபிக்கு அடுத்தபடியாக எனக்குப் பிடித்த வழி. விபத்து நடந்தால் உள்ளே போகாமலே கரண்ட்டை நிறுத்தலாம் என்பது கூடுதல் லாபம்.

தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளும் தெம்புள்ளவர்களுக்கு இது ஒரு சங்கடம்தான். ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட்டு 'போடுங்கள்' என்று கேட்க வேண்டும். வேறு பலவற்றுக்கும் மற்றவர்களைக் கேட்டு வாழ்கிறவர்கள் அவர்கள். எதற்கெல்லாம் கேட்க வைக்கிறோம் என்பதில் நாம் கஞ்சத்தனமாக இருக்க வேண்டும். அவர்கள் புழங்கும் கழிப்பறை வேறு என்றால், அங்கே இந்தச் சுவிட்சை விட்டுவிட்டு ஷேவர் சாக்கெட் கொடுங்கள்.

மூடியும் ஷட்டரும்

தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ஐபி44 மூடிச் சாக்கெட்டைப் பலர் முழுத் தீர்வாக விற்கிறார்கள். பல வகைகளில் மூடி சாத்தியிருக்கும்போதுதான் அந்தக் காப்பு. பிளக் செருகியிருக்கும்போது மூடி திறந்தே கிடக்கும். மூட்டுவலி உள்ள விரலுக்கு அதைத் திறப்பதும் பாடு. சுத்தம் செய்பவர்களின் தண்ணீரிலிருந்து காக்க உதவும், அவ்வளவுதான். ஓட்டைக்குள் ஷட்டர் வைத்த சாக்கெட்டை மட்டும் எந்த வழியைத் தேர்ந்தாலும் கூடவே போட்டுவிடுங்கள். ஹேர்பின் செருகும் கை குழந்தையுடையதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

எடுத்துவிடுவது, ஆனால் இடம் கொடுத்து

சாக்கெட்டை முழுதாக எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. மாற்று இடம் தராமல் எடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். தண்ணீர் இல்லாத ஒரு மூலையில் கண்ணாடி, உட்கார நாற்காலி, நல்ல வெளிச்சம், ஆர்சிசிபி உள்ள சாக்கெட் வைத்து, முடி உலர்த்துவதை அங்கே கொண்டுபோய்விட்டால் பெரிய ஆபத்து ஒரேயடியாகப் போய்விடும். டிரையர் கழிப்பறைக்குள் வரவே வராது. சாக்கெட், நாற்காலியில் உட்கார்ந்தவருக்கும் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். தரையிலிருந்து 120 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எம்பி எடுக்க வேண்டியிருக்கும். ஷேவருக்கு பேட்டரி வகை போதும். சார்ஜ் ஏற்றுவது பணியாளர் அறையில், பெயர் ஒட்டிய பெட்டியில். சார்ஜரிலிருந்து கழற்றிய ஷேவரைத் தண்ணீரில் காட்டினாலும் மெயின் கரண்ட் வரப் போவதில்லை.

இடம் இருக்கும் இல்லங்களுக்கு இதுதான் முதல் தேர்வு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எடுக்கும்போது சாக்கெட்டை மட்டும் கழற்றி மூடி போட்டால் உள்ளே உயிருள்ள வயர் அப்படியே இருக்கும். போர்டிலிருந்தே அந்தச் சர்க்யூட்டைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

எந்தக் கழிப்பறைக்கு எது

இடம் உண்டு, உதவிக்கு ஆள் உண்டு என்றால் எடுத்துவிட்டு வெளியே ஓர் உலர்த்தும் இடம். இடம் இல்லை, கழிப்பறைக்குள்ளேயே டிரையர் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால், வயர் வாஷ்பேசினுக்கு எட்டாத சுவரில் ஷட்டர் உள்ள சாக்கெட், தனி ஆர்சிபிஓ, வெளியே இரட்டைத் துருவ சுவிட்ச். வயர் எட்டத்தான் செய்யும் அளவுக்குச் சின்ன அறை என்றால் டிரையரை அங்கே அனுமதிக்கவே கூடாது. ஷேவர் சாக்கெட்டோடு நிறுத்திக்கொண்டு, முடி உலர்த்துவதைப் படுக்கையருகே செய்யுங்கள், அந்தச் சாக்கெட்டுக்கும் கசிவுக் காப்பு போட்டு. தரையோடு தரையான ஷவர் உள்ள அறையில் ஷேவர் சாக்கெட்டையும் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சக்கர நாற்காலி, தூக்கும் கருவி இவற்றின் சார்ஜரை எந்தக் கழிப்பறையிலும், ஒரு ராத்திரிக்குக்கூட, செருகக் கூடாது.

இதில் எதற்கும் பணம் உடனே கிடைக்கவில்லை என்றால், முதலில் செய்ய வேண்டியது போர்டில் ஆர்சிசிபி மாட்டுவது. சுவரை உடைக்க வேண்டாம், கழிப்பறையை மூட வேண்டாம். மற்ற எல்லாம் அடுத்த கட்டம். அறிவிப்புத் தாள் ஒட்டுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. படிக்க முடியாத கண்ணுக்கும் நினைவில் நிற்காத மனதுக்கும் அது எழுதப்படுகிறது.

பட்டனை யார் அழுத்துவார்?

ஆர்சிசிபியை மாட்டிவிட்டு மறந்துவிடுவதுதான் எங்கும் நடக்கிறது. அதன் உள்ளே ஒரு சின்னப் பொறி அசைய வேண்டும். வருஷக்கணக்கில் அசையாமல் இருந்தால் இறுகிவிடலாம். மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும். தானே தன்னைச் சோதித்துக்கொள்ளும் வகைகள் அமெரிக்காவில் 2015-லிருந்து கட்டாயமாகிவிட்டன. மற்ற இடங்களில் கைதான். ஒரு டேபிள் லாம்பைச் செருகி எரியவிட்டு அழுத்துங்கள். விளக்கு அணைய வேண்டும், மறுபடி ஆன் செய்தால் எரிய வேண்டும். பட்டன் அந்தக் கருவியின் பொறியைத்தான் சோதிக்கிறது, எர்த் வயரை இல்லை. எர்த் சரியா, எத்தனை மில்லிஆம்பியரில் எத்தனை மில்லிசெகண்டில் விழுகிறது என்பதற்கு எலக்ட்ரீஷியன் மீட்டரோடு வந்து அளந்து எழுதிக்கொடுக்க வேண்டும்.

இந்த வேலையை 'பராமரிப்புப் பிரிவு' என்று பொதுவாக ஒப்படைத்தால் நடக்காது. ஒரு ஆளின் பெயர் வேண்டும், அவர் லீவில் இருந்தால் யார் என்பதும் வேண்டும். மாதாமாதம் தீயணைப்பான் பார்க்கும் அதே நாளில், அதே பதிவேட்டில் இன்னொரு பத்தியாகச் சேர்த்துவிட்டால் தனியாக நினைவு வைக்க வேண்டியதில்லை. குடும்பங்கள் கொண்டுவரும் சாதனங்களையும் அதே ஆள் வாங்கி, வயரையும் பிளக்கையும் பார்த்து, தேதி ஒட்டிக் கொடுக்கலாம். விரிசல் விட்ட பிளக், உரிந்த வயர் என்றால் அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பட்டனை அழுத்தியும் விளக்கு அணையவில்லை என்றால் அந்தச் சாக்கெட்டை அந்த நிமிஷமே எம்சிபியில் அணைத்து, எம்சிபி மேல் பூட்டோ டேப்போ போட்டு, எலக்ட்ரீஷியன் மாற்றிச் சோதித்துக் கையெழுத்திடும் வரை யார் கேட்டாலும் திறக்கக் கூடாது. அதுவரை முடி உலர்த்தத் துண்டு போதும்.